சாயக்காரர் பரசுராமனும் வெளுத்துப்போன மீன்களும்

உலகத்தில் நிறத்தை நிறமாகப் பார்க்கத் தெரிந்த கண்கள் மொத்தம் மூன்று. இரண்டு, ஆரணி சாயக்காரர் பரசுராமனுடையவை. மூன்றாவது சிவபெருமானின் நெற்றியில் இருக்கிறது; அதுவும் கோபம் வந்தால்தான் திறக்கும். பரசுராமனுடைய இரண்டும் விடிந்ததுமே திறந்துவிடுவதால், நடைமுறையில் உலகம் அவரை நம்பித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆரணிப் பக்கம் வானவில் வந்தால் முதலில் அவர் வீட்டுக் கொல்லையில் இறங்கி, "ஷேடு சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே ஏறும். ஒருமுறை "ஊதா கொஞ்சம் தூக்கல், எடுத்துகினு போ" என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டதில், அந்த வருஷம் வேலூர் வரைக்கும் மழையே இல்லை. பரசுராமனுக்குப் பெயர் தெரியாத நிறம் ஒன்று இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

நம்பாதவர்கள் இராஜமாணிக்கம் முதலாளியின் சாயப்பட்டறைக்குப் போய் விசாரிக்கலாம். கல்யாண வீட்டுக்காரர்கள் ஏதாவது பழைய புடவையின் ஓரத்தை உள்ளங்கை அளவு கிழித்துக்கொண்டு வந்து, "இதே கலர் வேணும்" என்பார்கள். பரசுராமன் அந்தத் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்ப்பார், நிழலில் ஒரு தடவை பார்ப்பார், திருப்பிக் கொடுத்துவிடுவார். மறுநாள் சாயக் கொப்பரையிலிருந்து வரும் பட்டு நூலையும் அந்தத் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கிழித்தவர்களுக்கே எது எதுவென்று தெரியாது.

பட்டறைக்கென்று சில சட்டங்கள் உண்டு. சாயம் ஏறிய பட்டை வெயிலில் போடக்கூடாது. வெயில் கலரைத் தின்றுவிடும். நிழலில்தான் உலர்த்த வேண்டும். அடுத்தது அதைவிடப் பெரிய சட்டம். நூல் வெளுத்துப்போனால் அது நூலின் குற்றமல்ல, சாயப்பொடியின் குற்றமல்ல, தண்ணீரின் குற்றமும் அல்ல. கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றவனின் குற்றம். வெளுத்த நூலை முதலாளி கண்ணில் காட்டவே கூடாது. அவர் சாம்பிளை எடுத்துக்கொண்டு வருவதற்குள் மறுபடி சாயத்தில் முக்கியோ, வேறு நூலை மாற்றியோ, சாம்பிளோடு ஒத்துப்போகும்படி வைத்துவிட வேண்டும். நடுவில் என்ன நடந்தது என்று முதலாளி கேட்கமாட்டார். சாயக்காரனும் சொல்லமாட்டான். பரசுராமன் பதினாறு வயதில் கற்றுக்கொண்டது இது. தலை நரைத்த பிறகும் ஒரு வெளுத்த நூலைக்கூட முதலாளி அவரிடம் பார்த்ததில்லை.

பட்டறையில் நூலை வேகவைத்த தண்ணீர், அலசிய தண்ணீர், சோப்பு எண்ணெய் நுரை எல்லாம் பின்பக்கக் கால்வாயில் இறங்கி, பரசுராமன் வீட்டுத் தெருவை ஒட்டியபடி ஏரிக்குப் போகும். இந்த முகூர்த்தத்துக்கு என்ன கலர் புடவை ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள ஜவுளிக்கடைக்குப் போகவேண்டியதில்லை. கால்வாயை எட்டிப் பார்த்தால் போதும். கால்வாய் ஓரமாகவேதான் எல்லா வீட்டு ஆழ்துளை போர்களும். போரில் வரும் தண்ணீருக்கு நிறமில்லை. அதனால் அது நல்ல தண்ணீர் என்றுதான் தெரு நினைத்துக்கொண்டிருந்தது. நிறமில்லாத ஒன்றைச் சந்தேகப்படப் பரசுராமனுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

அவருக்கு ஒரே மகள், சுபலட்சுமி. இரண்டு தெரு தள்ளித்தான் கட்டிக்கொடுத்திருந்தார். மருமகன் அரிசி ஆலை லாரி ஓட்டுகிறவர், தங்கமான பையன். ஆனால் சுபாவுக்கு இரண்டு தடவை வயிற்றில் தங்கி, இரண்டு தடவையும் பாதியில் கலைந்துபோயிற்று. மூன்றாம் தடவை தங்கியதும் மாமியார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, "உங்கம்மா வூட்லயே இருந்து பத்திரமா பாத்துக்கோ, இந்தத் தடவையாவது" என்று அனுப்பிவிட்டாள். அந்த 'தடவையாவது' சுபாவின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்த நர்ஸ் சும்மா கேட்டாள்: "எந்தப் பக்கம் வூடு? கால்வாய் ஓரமா?" ஆமாம் என்றதும் சீட்டில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். வீட்டுக்கு வந்த சுபா, செம்பைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"ப்பா, தண்ணியா இருக்குமா?"

"இன்னாடி தண்ணி?"

"எனக்கு நிக்காம போறது. தண்ணியால இருக்குமா?"

பரசுராமன் அவள் கையிலிருந்த செம்பை வாங்கிக் கவிழ்த்தார். அன்றே கேன் தண்ணீருக்குச் சொல்லிவிட்டார். தன் தங்கை அம்மணி போளூர்ப் பக்கம் கழனி நடுவே கிணற்றுத் தண்ணீரோடு இருப்பது நினைவுக்கு வர, அங்கே அனுப்பிவிடலாமா என்று மனைவி கமலத்திடம் மெல்லக் கேட்டார். கமலம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பெத்தவ நான் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கறேன். எம் பொண்ணு நாத்தனார் வூட்ல போயி பிள்ளை பெத்துக்கணுமா? ஊரு வாயாலயா சிரிக்கும்? தண்ணி கெட்டதுன்னு எவன் சொன்னான்? சொல்லச் சொல்லுங்க, நானே பஸ் ஏத்தி விடறேன்."

எவன் சொல்வான் என்று பரசுராமன் தேடிக்கொண்டிருந்த சமயத்தில்தான் பானுப்ரியா வந்தாள். வேலூரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற பெண். தோளில் கொசுவலை மாதிரி ஏதோ சுருட்டி வைத்திருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. டப்பாவுக்குள் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய மீன்கள், வாலில் ஆரஞ்சும் நீலமும் கருப்புப் பொட்டுமாக. கப்பி மீன்கள், எல்லாம் ஆண்.

அவள் ஏற்பாடு எளிமையானது. பட்டறைக்கு மேலே, கழனியில் ஒரு கிணறு. அதில் ஒரு வலைக்கூண்டு. பட்டறைக்குக் கீழே, கால்வாய் ஏரியில் சேருகிற இடத்தில் ஒரு வலைக்கூண்டு. இரண்டிலும் அதே மீன், அதே தீனி. சில மாதம் விட்டுப் பார்ப்பது. தினமும் தீனி போட்டுக் காவல் இருக்க ஒரு ஆள் வேண்டும். பரசுராமனுக்கு மதியத்தோடு பட்டறை வேலை முடிந்துவிடும், வீடும் பக்கம்.

"சில கெமிக்கல் இருக்குதுண்ணா, உடம்புக்குள்ள போயி ஹார்மோன் மாதிரியே வேஷம் கட்டும்" என்றாள் பானுப்ரியா. "உடம்பும் ஏமாந்துபோயி அது சொன்னதைக் கேக்கும். மிஷின்ல தேடினா கோடியில ஒரு துளிகூட இருக்காது. ஆனா மீனு ராவும் பகலும் அதுலயே கிடக்குது பாருங்க, அதுக்குத் தெரிஞ்சிடும். அது நமக்குக் காட்டிடும்."

"எப்பிடிக் காட்டும்?"

"அதை மட்டும் சொல்லமாட்டேன். சொன்னா நீங்க அதையே உத்துப் பாத்துகினு இருப்பீங்க. ஒண்ணும் தெரியாம வெச்சிப் பாத்துக்கறவருதான் எனக்கு வேணும். ஒரு மீன் செத்தா போன் பண்ணுங்க, அவ்ளோதான்."

பரசுராமனுக்கு இது புதிதாக இல்லை. எந்தக் கலர் யார் வீட்டுக் கல்யாணத்துக்கு என்று முதலாளியும் சொல்வதில்லை. அவர் ஒன்றே ஒன்றைக் கேட்டார்.

"மீனு நல்லாயிருந்தா, தண்ணி நல்லதுன்னு அர்த்தமா மேடம்?"

"கிட்டத்தட்ட."

"எம் பொண்ணு முழுகாம இருக்கறா. குடிக்கலாமா?"

பானுப்ரியா டப்பாவைக் கீழே வைத்தாள். "மீனுக்கு ஆனதெல்லாம் மனுஷனுக்கு ஆவும்னு கிடையாதுண்ணா. ஆனா மீனுக்கே ஆவுதுன்னா, நானா இருந்தா எங்க வூட்டுப் பொண்ணுக்குக் குடுக்கமாட்டேன்."

அன்றிலிருந்து அந்த மீன்கள் பரசுராமனுக்குச் சொந்தப் பேரப்பிள்ளைகள் ஆகிவிட்டன. மதியம் சாப்பிட்டதும் கிணற்றுக்குப் போவார், அங்கிருந்து கால்வாய்க்குப் போவார். இராஜமாணிக்கம் முதலாளிகூடக் கேலி பண்ணினார்: "இன்னா பரசு, மீனுக்கும் சாயம் போடப் போறியா?" தெருப் பையன்கள் மீன்களுக்குத் தேர்தல் சின்னம் ஒதுக்கினார்கள். வால் பெரிசாக இருந்த ஒன்றுக்குக் கவுன்சிலர் என்று பெயர் வைத்தது பரசுராமன்தான்.

இரண்டு வாரம் கழித்து, பானுப்ரியா வரவேண்டிய நாளுக்கு முந்தின நாள், பரசுராமன் கால்வாய்க் கூண்டைத் தூக்கிப் பார்த்தார். கவுன்சிலர் வெளுத்திருந்தார்.

வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்கமாட்டார்கள். ஆரஞ்சு இன்னும் ஆரஞ்சுதான். ஆனால் இரண்டு அலசு அதிகமாக அலசிய ஆரஞ்சு. நீலத்தின் ஓரம் கரைந்திருந்தது. மற்ற மீன்களும் அப்படியே. கிணற்றுக் கூண்டுக்குப் போய்ப் பார்த்தார். அங்கே எல்லாம் கடையில் வாங்கிய அன்றைக்கு மாதிரி பளிச்சென்று இருந்தன.

பரசுராமன் நின்று யோசித்தார். கிணற்றுக்கு மேலே புங்கமரம், நல்ல நிழல். கால்வாய்க் கூண்டுக்கு மேலே மொட்டை வெயில். தலையில் அடித்துக்கொண்டார். "வெயில்ல காயப்போட்டுட்டேனே!" சாயக்காரனின் கைக்கு வந்த பொருள் வெளுத்தால் அது யார் குற்றம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. உடனே தென்னங்கீற்று வெட்டி வந்து கூண்டுக்குப் பந்தல் போட்டார். ஆனால் மேடம் நாளைக்கு வருகிறாள். போன தடவை வந்தபோது அவள் மீன்களை வெள்ளைத் தட்டில் விட்டு, பக்கத்தில் கலர் கலராகக் கட்டம் போட்ட அட்டை ஒன்றை வைத்துப் படம் எடுத்ததை அவர் பார்த்திருந்தார். அது சாம்பிள் அட்டை. அது யாருக்குத் தெரியாவிட்டாலும் பரசுராமனுக்குத் தெரியும். சாம்பிளோடு முதலாளி வரும்போது வெளுத்ததைக் காட்டக்கூடாது.

பேருந்து நிலையம் பக்கத்தில் கலர் மீன் கடை ஒன்று உண்டு. பரசுராமன் அங்கே கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தார். "இது இல்ல... இது வால் கொஞ்சம் பழுப்பு... தோ, அது, பொட்டு இடதுபக்கம் இருக்குது பாரு, அது" என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கடைக்காரர் சிரித்தார்: "யோவ், மீன் வாங்க வந்தியா, மாப்பிள்ளை பாக்க வந்தியா?" கவுன்சிலருக்கு மட்டும் ஜோடி கிடைக்க மூன்று தொட்டி தேட வேண்டியிருந்தது.

மறுநாள் பானுப்ரியா படம் எடுத்தாள். "சூப்பர்ணா, நல்லா வெச்சிருக்கீங்க" என்றாள். இதே வேலையை வேறு யார் செய்திருந்தாலும் அன்றே அகப்பட்டிருப்பார்கள். மாற்றியது பரசுராமனின் கண். வால் வாலாக, பொட்டுப் பொட்டாக ஒத்துப்போயிற்று. இப்படி ஒரு பொருத்தத்தை அவர் பட்டில்கூடச் செய்ததில்லை.

வெளுத்த மீன்களை அவர் கொல்லவில்லை, கால்வாயிலும் விடவில்லை. வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பழைய சிமெண்ட் தொட்டி ஒன்று இருந்தது. அதில் தண்ணீர் பிடித்து, மேலே கோணி போட்டு நிழல் பண்ணி, மீன்களை விட்டார். நல்ல தீனி போட்டால் தேறிவிடும். தேறியதும் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று நினைத்தார். தேறவில்லை. பந்தல் போட்ட பிறகும் கால்வாய்க் கூண்டில் புதிதாக விட்டவையும் இரண்டு வாரத்தில் வெளுத்தன. கீற்று பத்தவில்லையோ என்று இன்னொரு அடுக்கு வேய்ந்தார். தீனியை மாற்றினார். மேடம் வருவதற்கு முந்தின நாள் கலர் மீன் கடைக்குப் போனார். தொட்டியில் கூட்டம் சேர்ந்துகொண்டே போயிற்று.

சந்தேகமே வரவில்லையா என்றால், வந்திருக்கலாம். ஒரு நாள் தொட்டிப் பக்கத்தில் குந்திக்கொண்டு, சமையலறையில் சுபா பாத்திரம் எடுக்கிற சத்தத்தைக் கேட்டபடி, "வெயிலுதான். வேற இன்னா?" என்று அவர் தனியாகச் சொல்லிக்கொண்டதைக் கமலம் கேட்டிருக்கிறாள். வெயிலாக இருந்தால் அது அவர் குற்றம். தண்ணீராக இருந்தால் அது அவர் மகளின் வயிறு. எது வேண்டும் என்று கேட்டால் எந்த அப்பன்தான் குற்றத்தை எடுத்துக்கொள்ளமாட்டான்?

நாலாவது மாத முடிவில் பானுப்ரியா தெருக்காரர்களைக் கூட்டி வைத்துச் சொன்னாள்: "மேல கூண்டுக்கும் கீழக் கூண்டுக்கும் வித்தியாசம் ஒண்ணும் தெரியல. இந்தத் தண்ணியில நாங்க தேடுன விளைவு இல்லன்னுதான் படுது." அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான். ஆனால் படங்கள் அப்படித்தான் சொல்லின.

மூன்றாம் நாள் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் முளைத்தது. 'ஆராய்ச்சியில் வென்ற எங்கள் தண்ணீர்' என்று பெரிய எழுத்து. அதைவிடப் பெரிதாக இராஜமாணிக்கம் முதலாளி கும்பிடுகிற படம். ஓரத்தில் ஒரு மீன். ஃப்ளெக்ஸ்காரன் எங்கிருந்தோ சுட்ட மீன் அது, திமிங்கலத்தின் சித்தப்பா மாதிரி இருந்தது. பரசுராமன் அதை நிமிர்ந்து பார்த்து, "மொதலாளி மூஞ்சி கொஞ்சம் பச்சையா அடிச்சிருக்குது" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் கேன் தண்ணீரை நிறுத்தினார்கள். கமலம்தான் முதல் செம்பு போர் தண்ணீரை மொண்டு மகளிடம் கொடுத்தாள். "குடிடி. ஊரே சர்டிபிகேட் குடுத்துட்டுது. சொம்மா மனசைப் போட்டு பேஜார் பண்ணிக்காதே." சுபா அப்பாவைப் பார்த்தாள். பரசுராமன் தலையை ஆட்டினார். அவள் குடித்தாள். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக மகள் பயமில்லாமல் தண்ணீர் குடிப்பதைப் பார்த்ததாக அன்று பட்டறையில் எல்லோரிடமும் சொன்னார்.

பத்து நாள் கழித்து பானுப்ரியா கூண்டுகளைச் சுருட்டி எடுத்துப்போக வந்தாள். ஆரணியிலேயே வாங்கிய இனிப்புப் பொட்டலம் ஒன்றைக் கமலத்திடம் கொடுத்துவிட்டு, கை கழுவக் கொல்லைக்குப் போனாள். அங்கே கோணி விலகியிருந்த தொட்டியைப் பார்த்தாள்.

"ண்ணா, இது இன்னா மீனு?"

பரசுராமன் கூச்சத்தோடு சிரித்தார். "நம்ம மீனுங்கதான் மேடம். வெயில்ல வெளுத்துப்போனதுங்க. பாவமா இருந்துது, தூக்கி எறிய மனசு வரல."

"கால்வாய்க் கூண்டுல இருந்ததா?"

"ஆமா."

"அப்போ கூண்டுல நான் படம் எடுத்தது?"

"அது... கடையில வாங்கி மாத்திவிட்டேன். ஒவ்வொரு தபாவும். கலர் கரெக்டா பாத்துத்தான் விட்டேன், நீங்க பயப்படாதீங்க."

பானுப்ரியா துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை. தொட்டியைப் பார்த்தபடியே சொன்னாள்: "நான் தேடுனதே அதுதாண்ணா. அந்தக் கெமிக்கல் பொம்பளை ஹார்மோன் மாதிரி வேஷம் கட்டும். ஆம்பளை மீனு அதுல இருந்தா கலரு போயிடும். வெளுக்குதா இல்லையான்னு பாக்கத்தான் இவ்ளோ நாளும்."

பரசுராமன் தொட்டிப் பக்கத்தில் குந்தினார்.

"ஏண்ணா மாத்துனீங்க?"

"வெளுத்த நூலை யாராவது மொதலாளிகிட்ட காட்டுவாங்களா மேடம்?" என்றார். அது கேள்வியாகக்கூட வரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது மாதிரி வந்தது.

அவள் கேட்டாள்: "இந்தத் தொட்டியில எந்தத் தண்ணி?"

"வூட்டு போர் தண்ணி."

"இதுங்களுக்குக் கலரு திரும்பவேயில்லையா?"

"இல்ல." அவர் குரல் இறங்கியது. "இன்னும் கொஞ்சம் போயிதான் இருக்குது."

இருவரும் ஒரே நேரத்தில் சமையலறைப் பக்கம் திரும்பினார்கள். உள்ளே சுபா செம்பில் தண்ணீர் மொள்ளுகிற சத்தம்.

"இதை எழுதுங்க மேடம்" என்றார் பரசுராமன், அவசரமாக. "எந்த மீனு எப்ப வெளுத்துது, எவ்ளோ வெளுத்துது, எல்லாம் எனக்குத் தெரியும். ஒவ்வொண்ணா சொல்றேன். எங் கண்ணுல இருக்குது."

"உங்க கண்ணைக் கொண்டுபோயி பேப்பர்ல ஒட்ட முடியாதுண்ணா." அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. "எல்லாம் ஒரே தொட்டியில கலந்துட்டுது. தீனி மாறிட்டுது. நான் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கலாம், தப்பு நடந்துட்டுதுன்னு. தண்ணி கெட்டதுன்னு சொல்ல முடியாது. நல்லதுன்னும் சொல்ல முடியாது. மறுபடி செய்ய எனக்கு டயமும் இல்ல, பணமும் இல்ல."

போகும்போது அவள் வாசலில் நின்று சொன்னது ஒன்றுதான்: "சுபாக்குக் குடுக்காதீங்கண்ணா."

பரசுராமன் நேராக முதலாளியிடம் போனார். ஃப்ளெக்ஸை எடுக்கச் சொல்ல வேண்டும். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். இராஜமாணிக்கம் கேட்டுக்கொண்டே வந்து, முடிந்ததும் எழுந்து அவர் தோளைத் தட்டினார். "பரசு, நீ எனக்காக இவ்ளோ செஞ்சிருப்பேன்னு நான் நெனைக்கவேயில்ல. இத்தனை வருஷ விசுவாசம்!" உள்ளேயிருந்து ஜரிகைக்கரை வேட்டி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். "உங்களுக்காக இல்ல மொதலாளி, தெரியாமத்தான்" என்று பரசுராமன் கையை ஆட்டினார். "அதான், அப்பிடித்தான் சொல்லணும். வெளியில யாரு கேட்டாலும் அப்பிடியே சொல்லு" என்றார் முதலாளி. வேட்டியை அக்குளில் சொருகிவிட்டார்கள்.

அந்த வேட்டியோடு அவர் தெருவில் நடந்து வந்ததுதான் தாமதம். 'பரசு எவ்ளோ வாங்கினானாம்?' என்ற பேச்சு அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கமலம் வேட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"தண்ணி கெட்டுதான் இருக்குது கமலம். மீனை நான்தான் மாத்தினேன். சுபாவை அம்மணி வூட்டுக்கு அனுப்பிடலாம்."

"யோவ், நேத்து நல்லதுன்னே. ஊரே நல்லதுன்னுது, ஃப்ளெக்ஸ்லயே போட்டிருக்குது. இன்னிக்கு வேட்டி வாங்கிகினு வந்து கெட்டதுன்றே. நாளைக்கு வேற யாராவது சட்டை வாங்கிக் குடுத்தா இன்னா சொல்லுவே?"

சுபா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு கொல்லைக்குப் போய், தொட்டியின் கோணியை எடுத்துவிட்டு, குனிந்து மீன்களைப் பார்த்தாள். திரும்பி வந்து, "ம்மா, நான் போளூருக்குப் போறேன். அப்பா பொய் சொல்லாது" என்றாள். கமலம் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு, தானே பையில் துணிகளை அடுக்கினாள். மறுநாள் காலை போளூர் பஸ்ஸில் சுபாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்டக்டர்கூட, "மெதுவா ஏறுங்கம்மா" என்று கையில் இருந்த பையை வாங்கி வைத்தார். பஸ் திரும்பும்போது அவள் வெளியே கை நீட்டி ஆட்டினாள். காலை வெயில் அவள் முகத்தில் விழுந்தது. அது என்ன நிறம் என்று சொல்லப் பரசுராமனுக்கே பெயர் கிடைக்கவில்லை.

இதுவரைக்கும் எழுதியதை, அதே தெருக்காரனான நான் அவரிடமே படித்துக் காட்டினேன். பரசுராமன் தொட்டிப் பக்கத்தில் குந்தியபடி, மீன்களுக்குத் தீனியைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே கேட்டார். சிவபெருமான் வந்த இடத்தில் "போடா பேமானி" என்றார். திமிங்கலத்தின் சித்தப்பா வந்த இடத்தில் சிரிக்கவில்லை. முடிந்ததும் விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"கடைசியில இன்னா எழுதியிருக்கே, இன்னொரு தபா படி. எனக்குப் பேரு தெரியாத கலரா?"

மறுபடி படித்ததும் தலையை ஆட்டினார்.

"எனக்குப் பேரு தெரியாத கலரு இந்த ஊருலயே பொறக்கலன்னு மேல நீதானே எழுதினே? அப்போ கீழ அது எங்கேர்ந்து வந்துது? அந்த பஸ்ஸே இல்லடா. சுபா போவல. 'அம்மா சொல்றதுதான் சரி, நீ சொம்மா பயமுறுத்தாதப்பா'ன்னு சொல்லிட்டா. ஒரு மாசம் அந்தத் தண்ணியத்தான் குடிச்சா. அப்பறம் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிகினு போனோம். காம்பவுண்டு வாசல் வரைக்கும் நீயும்தானே கூட வந்தே, தெரியாதா உனக்கு?"

தாள்களை மடித்துக்கொண்டேன்.

"தண்ணியாலதான் பிள்ளை போச்சா, இல்ல வேற எதாலயாவதான்னு அவ தெனம் கேக்கறா. எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அதைத் தெரிஞ்சிக்கத்தான் மீனு விட்டாங்க, அதைத்தான் நான் மாத்தி வெச்சேன்." தொட்டிக்குள் பார்த்தார். கவுன்சிலர் இப்போது தண்ணீருக்கும் தனக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு வெளுத்திருந்தார். பரசுராமன் கோணியை இழுத்து மூடினார்.

"வெளுத்ததைத் தூக்கி ஓரமா போட்டுட்டு, பளிச்சுனு ஒண்ணை விட்டு வெச்சிருக்கே. யாருகிட்டடா கத்துகினே இதை?"